நமக்கு முன்னே போய்ச் சேரும் பெயர்



வெளிநாடு போய் வந்த அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். கடற்கரை, கோயில், சாப்பாடு என்று வரும் என எதிர்பார்த்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விமான நிலையத்துக் குடியேற்ற கவுன்டரைத் தாண்டவே இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கும் தம்பி ஒருவர், நண்பரைப் பார்க்க மலேசியா போயிருக்கிறார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஜப்பானியர் பாஸ்போர்ட்டை நீட்டினார், முத்திரை விழுந்தது, போய்விட்டார். இவர் முறை வந்ததும் திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, கையிருப்புப் பணம் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். பணத்தை ஒவ்வொரு நோட்டாக எண்ணிக் காட்டியிருக்கிறார். பிறகு ஓரமாக ஒரு அறையில் உட்கார வைத்து, நண்பருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்பினார்களாம். அந்தத் தம்பி எந்தத் தப்பும் செய்யவில்லை. சுற்றுலா என்று சொல்லிப் போய் வேலைக்குத் தங்கிவிட்ட யாரோ சிலரின் கணக்கு அவர் தலையில் விழுந்தது.

அந்த ஜப்பானியருக்கும் தனியாக ஒரு தகுதியும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டி. அங்கே ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. இந்தப் பக்கம் தேர்வாய்கண்டிகையில் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலின். அந்த நாடுகளிலிருந்து ஒருவர் ஷிஃப்டைப் பார்க்க வந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நாம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறோம். அவர் நாட்டு இயந்திரங்களும் கார்களும் பல வருடங்களாகச் சம்பாதித்துக் கொடுத்த மரியாதை அது.

பேர் கெட்ட நாட்டுக்காரருக்கு எல்லாக் கதவும் ஒரே மாதிரி மூடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணமும் படிப்பும் இருப்பவருக்குக் கொஞ்சம் திறக்கும். நம் அரசே அந்தப் பிரிவினையைச் செய்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈசிஆர்' என்று அச்சிட்டுத் தருகிறார்கள். சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஏஜென்ட்டுகளிடம் ஏமாறாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு, அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் அதிகாரியின் குரல் 'வாங்க'விலிருந்து 'வா'வுக்கு இறங்குவதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பேர் மாறினால் வரவேற்பு எப்படி மாறும் என்பதற்கு நம்மவர்களைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை அங்கத்திய மீனவர்கள் கரை சேர்த்தார்கள். தங்கவும் வேலை செய்யவும் அரசு அனுமதி கொடுத்தது. 2010 ஆகஸ்டில் அதே நாட்டின் மேற்குக் கரைக்கு 'சன் சீ' கப்பலில் 492 பேர் வந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் இருந்தார்கள். எல்லோரையும் தடுப்புக் காவலில் வைத்தார்கள், பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். இடையில் 2006-ல் விடுதலைப் புலிகள் இயக்கத்தைக் கனடா தடை செய்திருந்தது. கப்பலில் வந்தவர் ஒவ்வொருவரும் 'நான் அவன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

கனடாவைக் குறை சொல்லும்போது நம் ஊரையும் பார்க்க வேண்டும். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களைத் தமிழ்நாடு கட்டியணைத்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்ட பிறகு, 'சிலோன்காரங்க' என்றாலே வீடு கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'செக்கிங்' நாளில் ஆஜராக வேண்டும், கியூ பிராஞ்ச் போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், வெளியூரில் தங்குவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தக் கொலையைப் பற்றிச் செய்தியில் மட்டுமே அறிந்த குடும்பங்கள் இவை. 2021-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் இவற்றை இனி மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கச் சொன்னார். நல்ல காரியம். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்புக் குடியுரிமை. அதனால் முகாமில் பிறந்து, கும்மிடிப்பூண்டியிலேயே படித்து, மூர் மார்க்கெட் ரயிலில் தினமும் வேலைக்குப் போய் வரும் இளைஞனுக்கு நீட்டிக் காட்ட எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. அந்தத் தேதிக்கு முன்பு, 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் நீதிமன்றம் போய்த்தான் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வழி திறந்தது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார்.

இன்னொரு கூட்டம் ரயிலில் வந்து இறங்குகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். உருக்காலையின் வெக்கையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்கள் அவர்கள். சிப்காட் சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்குப் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் ஆறேழு பேர் என்று வாடகைக்கு விடுகிறோம். தெருவில் ஒரு செல்போன் தொலைந்தால் முதலில் அந்த அறையைத்தான் தட்டுகிறோம். மலேசியாவில் நம் தம்பியிடம் கேட்ட அதே கேள்விகளை, அதே குரலில் நாமும் கேட்கிறோம்.

2023 மார்ச்சில் அது நம்மையே திருப்பி அடித்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுத்தார், பீகார் அரசு அதிகாரிகளின் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்துப் போனது. ஹோலி நேரம் வேறு; மூட்டை கட்டியவர்களில் எத்தனை பேர் பண்டிகைக்குப் போனார்கள், எத்தனை பேர் பயந்து போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த வாரம் தமிழ்நாட்டின் பேர் பாட்னாவில் என்னவாக இருந்தது என்பதை நாம் உணர்ந்தோம். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்ப அங்கே ஆளிருந்தது ஏன் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன்.

இந்த இதழில் முகாமில் பிறந்த இளைஞர்கள் சிலர் தங்கள் கதையை எழுதியிருக்கிறார்கள், அவசியம் படியுங்கள். அடுத்த இதழில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் குடியிருப்பவர், உங்கள் ஷிஃப்டில் கூட நிற்பவர், யாராக இருந்தாலும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்களே இந்தியிலோ ஒடியாவிலோ எழுதிக் கொடுத்தாலும் சரி, மொழிபெயர்த்து அவர்கள் பெயரிலேயே போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்