கண்ணு மட்டுமா பார்க்குது?

"கண்ணு எங்க இருக்கு?" இந்தத் திட்டு வாங்காதவங்க நம்ம வகுப்பில் உண்டா? கரும்பலகையில் இருப்பதைத் தப்பாக எழுதினால் உடனே இதுதான். என்னைக் கேட்டால், பாவம், கண்ணை ஏன் திட்டணும்?

கண் சேதியை அனுப்புவதோடு சரி. அது என்ன என்று பிரித்துப் பார்ப்பது பிடரிப் பக்கம் இருக்கும் பெருமூளைப் புறணி. அங்கே அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து சேரணும். 1921-ல் ஆட்டோ லோவி தவளை இதயத்தை வைத்துச் செய்த சோதனையில் பிடிபட்டதும் இதே பொருள்தான். முன்மூளையின் அடியில் இருக்கும் நரம்பு செல்கள் இதைப் புறணிக்கு அனுப்புகின்றன. நாம் கவனிக்கும்போது அதிகமாக வரும். வந்ததும், கண்ணிலிருந்து வரும் சேதியைத் தூக்கிக் காட்டும். பக்கத்துச் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அடக்கும். சந்தை இரைச்சலில் ரேடியோவைக் கூட்டி வைத்து, பக்கத்துக் கடைக்காரரைச் சும்மா இருக்கச் சொன்ன மாதிரி!

2008-ல் வெளிவந்த ஆய்வில், குரங்குகளின் அந்தப் பகுதியில் அசிடைல்கோலினைத் துளி விட்டதும் கவனத்தின் பலன் கூடியது. அதைத் தடுக்கும் மருந்தை விட்டதும் குறைந்தது. கண் என்னவோ அதே கண்தான்.

(நிஜமாவே எழுத்து மங்கலாத் தெரியறவங்களுக்குக் கண்ணாடி வேணும். அது வேற விஷயம்.)

திட்டினால் கவனம் வராதா என்பீர்கள். வரும். ஆனா திட்டுறவங்க முகத்து மேல வரும், பலகை மேல வராது. எழுதும் முன் "இங்க பாருங்க" என்று சொல்லி, எல்லாரும் திரும்பும்வரை நின்றால் போதும். எங்க கணக்கு டீச்சர் அப்படித்தான் செய்றாங்க. அவங்க வகுப்பில் இந்தத் திட்டு விழுந்ததே இல்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி