பாடக் கோப்புகளைத் தேடும் ஏஐ: நான்கு சொற்களால் வந்த வினை

சென்ற செமஸ்டரில் எங்கள் குழு அறிக்கையை ஒரு வாரம் தாமதமாக ஒப்படைத்திருப்போம். காரணம், நான் எழுதிய நான்கு சொற்கள்.

தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் அமர்ந்து நாங்கள் மூவர் ஒரு சிறிய ஏஐ முகவரை உருவாக்கினோம். சாதாரண உரையாடல் செயலி, கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நின்றுவிடும். முகவர் அப்படியல்ல. கோப்புகளைத் தானே திறந்து படித்து, அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்கும். அதற்கு இரண்டு கருவிகளைக் கொடுத்தோம். ஒன்று இந்த செமஸ்டரின் கோப்புகளைத் தேடும். மற்றொன்று சீனியர்கள் விட்டுச்சென்ற பழைய குறிப்புகளைத் தேடும். இரண்டுக்கும் நான் எழுதிய விளக்கம் ஒன்றுதான்: “பாடக் கோப்புகளைத் தேடித் தரும்.”

அறிக்கையை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டோம். 13ஆம் வாரம் என்றது முகவர். சென்ற ஆண்டுக்கு அது சரியான விடை. இந்த ஆண்டு 12ஆம் வாரம். விரிவுரையாளர் வகுப்பில் தற்செயலாக நினைவூட்டியதால் தப்பித்தோம்.

ஏஐ பொய் சொல்லிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில், நாங்கள் எழுதிய நிரலை அது பார்ப்பதே இல்லை. கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன தகவல் கொடுக்கவேண்டும் என்ற பட்டியல் ஆகியவை மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி எனும் பொது நெறிமுறையும் இப்படித்தான் இயங்குகிறது. மறு ஆண்டு மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரே விளக்கத்துடன் இரண்டு கருவிகள் இருந்தால் முகவர் ஏதோ ஒன்றை எடுக்கும். வேறென்ன செய்யும்?

தேக்கா சந்தைக்குப் போகும் என்னிடம் பாட்டி வெறுமனே “கீரை வாங்கிட்டு வா” என்று சொல்லமாட்டார். “முளைக்கீரை, ரெண்டு கட்டு. இல்லேன்னா வேற எதையும் வாங்காதே, எனக்கு போன் பண்ணு” என்பார். என்ன வேண்டும், எவ்வளவு, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என மூன்றும் அதில் இருக்கின்றன. விளக்கத்தை அப்படியே மாற்றி எழுதினேன்: “இந்த செமஸ்டரின் விரிவுரைக் குறிப்பு, பணி விவரம், ஒப்படைப்பு நாள் ஆகியவற்றைத் தேடும். பழைய ஆண்டுக் கோப்புகள் இதில் இல்லை. விடை கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று சொல், ஊகிக்காதே.” மற்றக் கருவிக்கு, “பழைய குறிப்புகள் மட்டும், தேதிகளுக்குப் பயன்படுத்தாதே” என்று சேர்த்தேன். நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அதன்பின் 12ஆம் வாரம் என்றே பதில் வந்தது.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. ‘பாடம்’ என்றால் கணிதம் போன்ற துறையா, ஒரு செமஸ்டர் முழுவதும் படிப்பதா, புத்தகத்தின் மூன்றாம் பாடமா? நம் காதுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். முகவரோ மூன்றாம் பாடத்தைத் தேடப் போய்விட்டது. ஆகவே ‘பாடம்’ என்று கேட்காமல், ‘பாடக் குறியீடு’ என்று கேட்டு ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்தேன். ‘பயனர்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘பயனர் அடையாள எண்’ என்று எழுதச்சொல்லி ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2025 செப்டம்பரில் தந்த ஆலோசனையும் இதே வகைதான். இரண்டு மொழிகளில் படித்த நமக்கு இத்தகைய வழுக்கல்கள் எளிதில் கண்ணில் படும். மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் பட்ட பாடு வீண்போகவில்லை!

ஆனால் விளக்கம் ஒரு பூட்டல்ல. “கோப்பை அழிக்காதே” என்று எழுதிவிட்டு, அழிக்கும் உரிமையையும் கொடுத்தால் என்றாவது அழிந்துவிடும். ஒரு கருவியை ‘வாசிக்க மட்டும்’ என்று குறிக்க எம்சிபியில் வழி உண்டு. அது வெறும் குறிப்புதான், உத்தரவாதமல்ல என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. 2025 ஏப்ரலில் இன்வேரியண்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைவிடக் கவலைதரும் ஒன்றைக் காட்டியது. பார்வைக்குச் சாதுவான கருவியின் விளக்கத்துக்குள் ரகசியக் கட்டளையை ஒளித்துவைத்து, பயனரின் கோப்புகளை வெளியே அனுப்பவைக்க முடியும். யாரோ எழுதிய கருவியை இணையத்திலிருந்து இறக்கி, மதிப்பெண்களும் நண்பர்களின் வரைவுகளும் உள்ள கோப்புறையுடன் இணைப்பவர்கள், முதலில் அதன் விளக்கத்தை முழுவதும் படிக்கவேண்டும்.

சிங்கப்பூர் 2026 ஜனவரியில் ஏஐ முகவர்களுக்கென ஆளுமைக் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டது. முகவர் எதைத் தொடலாம் என்பதற்கு முன்கூட்டியே எல்லை வகுப்பதும், பொறுப்பை மனிதர் ஏற்பதும் அதன் முக்கிய அம்சங்கள். நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், மூன்று மாணவர்களின் மடிக்கணினிக்கும் அது பொருந்துகிறது.

எங்கள் முகவரிடம் இப்போது அழிக்கும் கருவியே இல்லை. பொதுக் கோப்புறையிலிருந்து மதிப்பெண் பட்டியலையும் எடுத்துவிட்டோம். ஒப்படைப்பு நாளைச் சொல்லும்போது எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்றும் அது சொல்லவேண்டும். அந்தக் கோப்பை நான் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.