15.6 இன்ச் யாருக்குங்க வேணும்?

லேப்டாப் வாங்கப் போறேன்னு சொன்னா போதும், வகுப்புல பாதிப் பேர் "வாங்குறதுதான் வாங்குற, 15.6 இன்ச்சா வாங்கு மச்சி"ங்கறாங்க. டிவி வாங்கப் போன மாமா மாதிரி!

இன்ச்சுங்கறது மூலைக்கு மூலை அளவு, அவ்வளவுதான். எவ்வளவு தெரியும்னு சொல்றது புள்ளிக் கணக்கு. 1366×768-ல வர்ற 15.6 இன்ச்சுல எழுத்து குண்டா தெரியும், கூடுதலா ஒரு வரி தெரியாது. 1920×1080 உள்ள 14 இன்ச்சுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு புள்ளி. கடையில இதைச் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

அப்புறம் பஸ். 2007-ல அரியலூரைத் தனி மாவட்டமா பிரிச்சாங்க, சரி. காலையில பெரம்பலூர் காலேஜுக்கு நின்னுக்கிட்டே வர்ற கூட்டத்தை யாரும் பிரிக்கலையே! தோள்ல ரெக்கார்டு நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில்... அதுக்கு மேல 15.6-ன்னா திரை மட்டுமே 34.5 செ.மீ. அகலம். 14-ன்னா 31 தான். பழைய பையிலயே ஜிப் மூடும்.

2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல கொடுத்ததும் 14 இன்ச்தான். திரை பத்தலைன்னு அந்த அண்ணன், அக்காங்க யாரும் ப்ராஜெக்டை பாதியில விட்டதா நான் கேள்விப்படல.

ஹாஸ்டல் மேசையை விட்டு நகராம ஆட்டோகேட் போடுற சிவில் மக்கள், நாள் பூரா டாலியில எண் தட்டுறவங்க பெருசே வாங்கிக்குங்க. தனி நம்பர் பேட் பெரும்பாலும் அதுலதான் வரும்.

சில சமயம் 15.6 ஆயிரம் ரூபா கம்மியாவும் கிடைக்கும். பஸ்ல வர்றவங்க அந்த ஆயிரத்தை தோள்ல தவணை கட்டணும், மூணு நாலு வருஷத்துக்கு. வீட்டுல பெரிய திரை வேணும்னா எச்டிஎம்ஐ உள்ள செகண்ட் ஹேண்ட் மானிட்டர் ஒண்ணு பாருங்க.