தரவு அவர்களுக்கு, ஆபத்து நமக்கா?

"உங்கள் கருவியை நீங்களே பாதுகாத்துக்கொள்ளுங்கள்." வங்கியின் குறுஞ்செய்தி இவ்வாறு சொல்கிறது; காவல்துறை விளம்பரம் சொல்கிறது; கைப்பேசி நிறுவனமும் சொல்கிறது. கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், அறியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்னும் அறிவுரைகள் பிழையானவை அல்ல. ஆனால் நம்மைப் பற்றிய தரவுகளை மலைபோலக் குவித்து இலாபம் ஈட்டுவோர், அந்த மலை சரியும்போது பழியை நம் தலையில் கட்டுவதற்கும் இதே அறிவுரைதான் பயன்படுகிறது. ஆதாயம் தனியாருக்கு, ஆபத்து பொதுமக்களுக்கு என்பது முதலாளித்துவத்தின் பழைய விதி. தரவுத் தொழிலிலும் அதுவே ஆட்சி செய்கிறது.

புனே நகரத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். ஹிஞ்சவாடியின் மென்பொருள் வளாகங்களில் உலகின் பெரு நிறுவனங்களுக்கான தரவு அலசப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று கிளவுட் மையங்களுள் 'மத்திய இந்தியா' எனப் பெயரிடப்பட்டது புனேயில்தான் இருக்கிறது. தவணைக் கடன் வணிகத்தில் நாட்டின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாகிய பஜாஜ் ஃபைனான்ஸின் பதிவு அலுவலகம் ஆகுர்டியில் உள்ளது. எண்ம வழிக் கடன் விதிகளைப் பின்பற்றவில்லை, கடன் வாங்குவோருக்கு அடிப்படை விவரக் குறிப்பைத் தரவில்லை என்று கூறி, அந்நிறுவனத்தின் இரு கடன் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் நிறுத்திவைத்தது. 2024 மே மாதம் தடையை நீக்கியது. வாடிக்கையாளரைப் பற்றி அனைத்தையும் அறிந்துகொள்ளும் தொழில், வாடிக்கையாளர் அறிய வேண்டியதைச் சொல்லத் தவறியதற்காகவே கண்டிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெருந்தரவு என்பது என்ன? ஒருவர் எங்கே போகிறார், எதை வாங்குகிறார், தவணையை எந்தத் தேதியில் கட்டுகிறார் என்னும் துணுக்குகள் தனித்தனியே பொருளற்றவை. கோடிக்கணக்கில் திரட்டிப் பொருத்திப் பார்த்தால், யாருக்கு எந்த வட்டிக்குக் கடன், எந்தத் தொழிலாளிக்கு அடுத்த வேலை என்றெல்லாம் தீர்மானிக்கும் கருவியாக அவை மாறுகின்றன. மூலப்பொருள் உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்க்கை. அதற்கு விலை கிடையாது. உணவு விநியோகத் தொழிலாளியோ தன் காசில் வாங்கிய கைப்பேசியில், தன் காசில் போட்ட இணையக் கட்டணத்தில், நிறுவனத்துக்காக நாளெல்லாம் தரவை உற்பத்தி செய்கிறார். அந்தக் கைப்பேசி பழையதாகி, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனால், அதன் ஆபத்தும் அவருடையதே.

இந்தக் கட்டமைப்பின் அடித்தளத்திலேயே விரிசல் உண்டு என்பது 2018 ஜனவரி 3 அன்று உலகுக்குத் தெரிந்தது. கூகுள் நிறுவன ஆய்வாளர்களும் ஆஸ்திரியாவின் கிராஸ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் இரு குறைபாடுகளை வெளியிட்டனர். இவை மென்பொருளின் குறைபாடுகள் அல்ல. கணினியின் மூளையாகிய பிராசசர் சில்லின் வடிவமைப்பிலேயே இருந்தவை. வேகத்துக்காக அச்சில்லு, அடுத்து வரவிருக்கும் கட்டளையை ஊகித்து முன்கூட்டியே செய்யத் தொடங்கிவிடுகிறது. ஊகம் பொய்த்தால் விளைவைக் கைவிடுகிறது. ஆனால், ஈரத்துணியால் துடைத்த சிலேட்டில் பழைய எழுத்தின் சாயல் தெரிவதுபோல, தற்காலிக நினைவகத்தில் தடயம் எஞ்சுகிறது. நேர வேறுபாட்டை நுட்பமாக அளப்பவர், அத்தடயத்திலிருந்து பிறருடைய இரகசியத்தை வாசிக்க முடியும். கிளவுட் மையங்களில் இது பேராபத்து. அங்கே பல வாடிக்கையாளர்களின் தரவு ஒரே சில்லின் மேல் ஒண்டுக்குடித்தனம் செய்கிறது. விரிசல் விட்டது இடைச்சுவர்.

இதனை எப்படிக் கையாண்டார்கள்? இன்டெல் நிறுவனத்துக்கு 2017 ஜூனிலேயே தகவல் தெரிவிக்கப்பட்டது. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரு நிறுவனங்கள் முன்கூட்டியே அறிந்து தயாராயின. சிறிய கிளவுட் நிறுவனங்கள் பலவும் செய்தி வெளியானபோதே அறிந்தன. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குக்கூட, விஷயம் பகிரங்கமாகும்வரை இன்டெல் சொல்லவில்லை. இடைப்பட்ட காலத்தில், 2017 நவம்பரில், இன்டெலின் தலைமை நிர்வாகி பிரையன் க்ரஸானிச் தம் பங்குகளில் பெரும்பகுதியை விற்றார். அவ்விற்பனைக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பில்லை என நிறுவனம் கூறியது. எவ்வாறாயினும், அவர் அறிந்திருந்த குறைபாட்டை, அதே சில்லைக் காசு கொடுத்து வாங்கிய கோடானுகோடிப் பேர் அறிந்திருக்கவில்லை. பின்னர் வந்த திருத்தங்கள் பல கணினிகளின் வேகத்தைக் குறைத்தன. வேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் வாங்கியோர். வேகத்தை இழந்தவர்களும் வாங்கியோரே.

2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கி தாக்கப்பட்டது. 1906இல் தொடங்கப்பட்ட இக்கூட்டுறவு வங்கியின் ஏடிஎம் இணைப்பமைப்பில் தீநிரல் புகுத்தப்பட்டது. ஆகஸ்டு 11 அன்று 28 நாடுகளில் போலி அட்டைகளைக் கொண்டு பணம் எடுக்கப்பட்டது. 13ஆம் தேதி ஸ்விஃப்ட் வழியே ஹாங்காங்குக்குப் பணம் அனுப்பப்பட்டது. மொத்த இழப்பு 94.42 கோடி ரூபாய். இது சில்லின் குறைபாட்டால் நேர்ந்ததன்று. ஆயினும் பாடம் ஒன்றே. இங்கு எந்த வாடிக்கையாளரும் கடவுச்சொல்லைப் பறிகொடுக்கவில்லை. எந்தக் கைப்பேசியும் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததால் இது நடக்கவில்லை. உடைந்தது நிறுவனத்தின் கதவு. வாடிக்கையாளர் கணக்குகள் பாதிக்கப்படவில்லை என வங்கி அறிவித்தது உண்மை. ஆனால் கூட்டுறவு வங்கியின் நட்டம் அதன் உறுப்பினர்களின் நட்டமன்றி வேறென்ன? 2023இல் புனே நீதிமன்றம் 11 பேரைத் தண்டித்தது. தண்டனை பெற்றோர் இத்திட்டத்தின் கைகால்கள். மூளை எல்லைக்கு வெளியே.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தனிநபர் அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. ஆறாண்டு கழித்து ஒன்றிய அரசு எண்ம வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனைத் தமிழாக்க முற்படும் எவரும் முதற்சொல்லிலேயே திகைப்பர். தரவைத் திரட்டும் நிறுவனத்தை அது 'டேட்டா ஃபிடியூசியரி' என்கிறது. அதாவது, நம்பி ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவர் நலனுக்காகக் காப்பவர். கோயில் சொத்தைக் காக்கும் அறங்காவலருக்குரிய பெயரை, அச்சொத்தை விற்றுப் பிழைப்பவருக்குச் சூட்டியிருக்கிறார்கள்!

பெயருக்கேற்ற பொறுப்பு உண்டா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, தரவைக் காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றது. புதிய சட்டத்தின் 44ஆவது பிரிவு அதனை நீக்குகிறது. நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அத்தொகை போய்ச் சேருமிடம் ஒன்றிய அரசின் கருவூலம். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு காசு இல்லை. மாறாக, பொய்யான அல்லது அற்பமான புகார் அளித்தால் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரம் அரசின் கையிலேயே. போதாததற்கு, தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவும் திருத்தப்பட்டு, அதிகாரிகளைப் பற்றிய தகவலை 'தனிப்பட்டது' எனக் கூறி மறுக்க வழி செய்யப்பட்டுள்ளது. குடிமகனின் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, அரசின் கதவைச் சாத்தும் சட்டம் இது.

குறைபாடு யாருக்கும் நேரலாம், பொதுத்துறை செய்த சில்லிலும் பிழை இருக்கலாம், இதில் வர்க்கத்தை ஏன் இழுக்கிறீர்கள் எனச் சிலர் கேட்பர். பிழை நேரலாம்தான். ஆனால் பிழையை முதலில் யாரிடம் சொல்வது, திருத்தத்தின் செலவை யார் ஏற்பது, எத்தனை ஆண்டுகள் திருத்தித் தருவது என்பவற்றைத் தீர்மானிப்பது பொறியியல் அன்று, அதிகாரம். சான்று வேண்டுமா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பு பழைய சில்லுகள் பலவற்றை ஏற்காது. நன்றாக ஓடும் கணினியை வைத்திருப்போர் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் பெற, 30 டாலர் கட்ட வேண்டும், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க வேண்டும், அல்லது அந்நிறுவனத்தின் பரிசுப் புள்ளிகளைச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. காசு கொடு, இல்லையேல் எங்கள் கணக்குக்குள் வா! ஆனால் நுகர்வோர் அமைப்பு எதிர்த்த பின் ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் மட்டும் கட்டணமும் அந்தச் சேமிப்பு நிபந்தனையும் கைவிடப்பட்டன. அதே சில்லு, அதே மென்பொருள். வேறுபட்டது எதிர்ப்பு மட்டுமே.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டோர் இழப்பீடு பெறும் உரிமை மீட்கப்பட வேண்டும். தேவைக்கு மேல் தரவு திரட்டுவது தடுக்கப்பட வேண்டும். திரட்டப்படாத தரவை எவரும் திருட முடியாது. கருவி விற்பவர் குறிப்பிட்ட ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும் என 2025 ஜூன் முதல் ஐரோப்பாவில் கைப்பேசிகளுக்கு விதி இருப்பதுபோல் இங்கும் சட்டம் வேண்டும். செயலிவழித் தொழிலாளருக்குக் கைப்பேசியும் அதன் பராமரிப்பும் நிறுவனத்தின் செலவாக வேண்டும். அமெரிக்கா கிரே சூப்பர் கணினியைத் தர மறுத்தபின், 1988இல் புனேயில் உருவான சி-டாக் 1991இல் பரம் 8000 கணினியைப் படைத்தது. அதன் சில்லுகள் அயல்நாட்டவை. இன்று அதே நிறுவனத்தின் 'வேகா'வும் சென்னை ஐஐடியின் 'சக்தி'யும் அந்தக் குறையைப் போக்க முயல்கின்றன. அவற்றுக்குப் போதிய பொதுநிதி வேண்டும். வடிவமைப்பு பொதுச் சோதனைக்குத் திறந்திருக்கவும் வேண்டும்.

தோழர்களே, தரவு என்பது படித்தவர் பிரச்சினை, தொழிற்சங்க மேடைக்கு உரியதன்று என்னும் எண்ணம் நம்மிடையேயும் உண்டு. கூலியும் வேலைநேரமும் கடனும் ரேஷனும் தரவைக் கொண்டே தீர்மானிக்கப்படும் காலத்தில் அவ்வெண்ணம் நீடிக்கலாகாது. அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஊதியத்தோடு இதையும் கேட்போம்: எங்களைப் பற்றி எதைச் சேர்க்கிறீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், பறிபோனால் என்ன தருவீர்கள்?