விரட்டப்பட்டவர் எங்கே போவார்?

சூரிச் நகரின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால், லிம்மாட், சீல் என்ற இரு ஆறுகள் கூடும் இடத்தில், பிளாட்ஸ்பிட்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அங்கே பட்டப்பகலில் ஹெராயின் விற்றார்கள். வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். 1992 பிப்ரவரியில் நகர நிர்வாகம் பூங்காவை இழுத்துப் பூட்டியது. கூட்டம் கலைந்தது. ஆனால் ஹெராயின் இல்லாமல் ஒரு பொழுதை ஓட்ட முடியாதவர்கள் எங்கே போவார்கள்? அக்கம்பக்கத்து வீடுகளின் படிக்கட்டுகளிலும் முற்றங்களிலும் ஒதுங்கினார்கள். பிறகு சற்றுத் தள்ளி, ரயில் ஓடாமல் கிடந்த லெட்டன் நிலையத்தில் மறுபடி கூடினார்கள்.

1995 பிப்ரவரியில் லெட்டனும் மூடப்பட்டது. இம்முறை அந்தக் கூட்டம் அதே அளவில் வேறெங்கும் திரளவில்லை.

சட்ட அமலாக்கமா, தீங்கு குறைப்பா என்று போதைச் சிகிச்சைப் பணியில் உள்ள நம் துறையினர் வாதிடும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்றாண்டு இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது. இரண்டு முறையும் விரட்டியது காவல்துறைதான். இரண்டாம் முறை விரட்டியபோது போக இடம் இருந்தது. ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் தரும் சிகிச்சை விரிவடைந்திருந்தது. 1994இல், வேறு சிகிச்சைகள் பலன் தராதவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஹெராயினே தரும் திட்டம் தொடங்கியிருந்தது. தங்கவும் சுத்தமான ஊசி பெறவும் மையங்கள் இருந்தன. வெளியூர்க்காரர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி, அந்த ஊராட்சியே அவர்களுக்குப் பொறுப்பேற்கும்படி செய்தார்கள்.

மருத்துவர்கள் இதற்கு வெகு முன்பே விலை கொடுக்கத் துணிந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல், எச்ஐவி பரவிக்கொண்டிருந்த வேளையில், சுத்தமான ஊசி கொடுக்கும் மருத்துவரின் உரிமம் பறிக்கப்படும் என்று சூரிச் மாநில சுகாதார நிர்வாகம் மிரட்டியது. மருத்துவர்கள் பலர் வெளிப்படையாகப் பணிய மறுத்தார்கள். தடை மறுஆண்டே விலக்கப்பட்டது.

போதைப்பொருளை அரசே கொடுத்தால் புதியவர்கள் பெருகுவார்கள் என்ற அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். பிள்ளை பெற்ற எவருக்கும் அது எழும். ஆனால் 2006இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, சூரிச் மாநிலத்தில் புதிதாக ஹெராயினுக்குள் விழுந்தோர் 1990இல் சுமார் 850 பேர் என்றும், 2002இல் சுமார் 150 பேர் என்றும் கணக்கிட்டது. 2008 பொதுவாக்கெடுப்பில் வாக்களித்த சுவிஸ் மக்களில் 68 சதவீதம் பேர் இந்த ஹெராயின் சிகிச்சையைச் சட்டத்திலேயே சேர்க்க ஒப்பினார்கள்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் வேறு வழியில் தவறியது. 2021 பிப்ரவரியில் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதற்குச் சிறைத் தண்டனையை நீக்கி, 100 டாலர் அபராதம் போதும் என்றார்கள். உதவி எண்ணை அழைத்தால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கான பணம் கள அமைப்புகளின் கைக்கு வரத் தாமதமானது. அங்குள்ள போர்ட்லாந்து நகர நடைபாதைகளில் போதைப்பொருள் எடுப்போரைப் பார்த்து மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் போதைப்பொருள் வைத்திருப்பது மீண்டும் குற்றமானது. ஓரிகானில் பிடி தளர்ந்தபோது சிகிச்சை தயாராக இல்லை. 1992 சூரிச்சில் பிடி இறுகியபோது தயாராக இல்லை.

சூரிச்சும் தேறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. 2023இல் பேக்கரான்லாகே பூங்காவில் கிராக் கொக்கெய்ன் புகைப்போர் கூடத் தொடங்கினார்கள். பழைய படைமுகாம் வளாகத்தில் அவர்கள் வந்துபோன மையம் அதற்குமுன் மூடப்பட்டிருந்தது. அதே வளாகத்தில் தற்காலிக மையம் ஒன்றை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஹெராயினுக்கு மெத்தடோன் போல, கொக்கெய்னுக்கு நம் கையில் ஒரு மருந்து இல்லை. படுக்கை, உணவு, அறிமுகமான முகம் இவற்றைக் கொண்டுதான் அங்கே வேலை நடக்கிறது.

ஓர் இடத்தைக் காலிசெய்யக் காவல்துறை நாள் குறிக்கும்போது நம்மை அழைக்காவிட்டாலும் நாம் போய் உட்கார வேண்டும். அன்று மாலைக்குள் எத்தனை பேரைச் சிகிச்சையில் சேர்க்க முடியும், எத்தனை பேருக்கு இரவு தங்க இடம் உண்டு என்ற கணக்கோடு போக வேண்டும். கணக்கு உதைத்தால், நாளைத் தள்ளிவையுங்கள் என்று கேட்க வேண்டும்.