காலியான பின்னிருக்கை

எங்கள் மக்தபில் ஓதிவந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, 12ஆம் ஜுஸ்உவின் பாதியில் வருகையை நிறுத்திவிட்டாள். அவளுடைய தகப்பனாரை ஜும்ஆவுக்குப் பின் கண்டு விசாரித்தேன். “ஆட்டோவுக்கு மாதம் 600 ரூபாய் கொடுத்து வந்தேன் ஹஜ்ரத். பெட்ரோல் விலையைச் சொல்லி இப்போது 900 கேட்கிறார். பையன் சைக்கிளில் வந்துவிடுவான். இவளை 4 கிலோமீட்டர் எப்படித் தனியே அனுப்புவது?” என்றார். தையல் வேலை செய்பவர். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஆட்டோக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 2021 ஜூலையில் அங்கே பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோதும் ஏட்டில் அதே கட்டணம்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் 110-ஐயும் கடந்தது. அடுத்த மாதம் ஒன்றிய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்த பிறகும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் ஊரிலோ மீட்டரே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இந்தச் சுமையை வேறு யார் தலையில் இறக்குவார்?

விலையேற்றம் குறித்து ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. செலவைக் குறைக்கும் நிலை வந்ததும் எந்தப் பயணத்தை நாம் முதலில் நிறுத்தினோம்? பெண்பிள்ளையின் ஓதலை, மனைவி தன் தாய்வீட்டுக்குப் போய்வருவதை, நோயுற்றவரை நேரில் சென்று நலம் விசாரிப்பதை. “போனில் பேசிக்கொள்” என்கிறோம். உறவைப் பேணுவது பற்றி மிம்பரில் பேசும் நானும் அவ்வாறு சொன்னவனே. அதே வாரத்தில் மஃரிபுக்குப் பின் தேநீர்க் கடைக்கு, அரைக் கிலோமீட்டர்கூட இராது, வண்டியில்தான் சென்றேன்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மருத்துவமனைக்கும் உடன்பிறந்தாள் வீட்டுக்கும் எவரையும் எதிர்பாராமல் சென்றுவரும் தாய்மார்கள் நம் மஹல்லாவிலும் உண்டு. நல்ல ஏற்பாடு. எனினும் மக்தப் தொடங்கும் நேரத்தில் அச்சிறுமியின் தெருப் பக்கம் பேருந்து எதுவும் வருவதில்லை.

ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தேவைக்கு மேல் வாகனம் வைத்திருப்பவர் வாகனமில்லாதவருக்கு அதைக் கொடுத்து உதவுமாறு அறிவுறுத்தியதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. உணவையும் அவ்வாறே கூறி, மேலும் பல பொருள்களையும் குறிப்பிட, மிஞ்சியதில் எவருக்கும் உரிமையில்லை போலும் என்று தோழர்கள் எண்ணினார்களாம். பல ஆண்டுகள் இதை ஒட்டகத்தைப் பற்றிய பாடமாகவே நடத்திவிட்டேன். ஜும்ஆ முடிந்து வெளியே வந்து பார்த்தால், ஒரே தெருவுக்குத் திரும்பும் ஐந்து வண்டிகளில் ஐந்து பேர். ஐந்து பின்னிருக்கைகளும் காலி. அவர்களைக் கடந்து ஒரு முதியவர் வெயிலில் நடந்து போகிறார்.

பின்னர்தான் தெரிந்தது: அச்சிறுமியின் அடுத்த தெருவிலிருந்து ஒரு சகோதரர் தம் இரு மகள்களையும் நாள்தோறும் காரில் அழைத்து வருகிறார். மூவரும் ஒரே வகுப்பு. “சொல்லியிருந்தால் முன்பே அழைத்து வந்திருப்பேனே” என்றார். கேட்கக் கூச்சப்பட்ட தகப்பனாரை நான் குறை சொல்லமாட்டேன். எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்ற விவரம் என் வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு இரண்டு மாத ஓதல் போயிற்று.

இப்போது சேர்க்கைப் படிவத்தில், இன்னொரு பிள்ளையையும் உடன் அழைத்துவர இயலுமா என்றொரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். தையற்காரர் பெட்ரோலுக்குப் பங்கு தர முன்வந்தபோது அந்தச் சகோதரர் வாங்க மறுத்துவிட்டார். பெருநாளைக்கு அவருடைய மகள்கள் இருவருக்கும் கூலியின்றி உடுப்புத் தைத்துத் தருவதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.