ஒரு க்ளியர் அடிச்சா எல்லாம் சரியாயிடுமா?

பிளாஸ்டிக் மாடல் செய்யும் கூட்டத்தில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. "கடைசியா ஒரு க்ளியர் அடிச்சுடு மச்சி, எல்லா தப்பும் மறைஞ்சுடும்." இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. அதைச் சொல்கிறவர்கள் யாரும் நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பதும் கிடையாது.

சிங்கவரத்தில் ஒரு காலேஜ் பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட் மணி சேர்த்து 1/72 அளவில் ஒரு மிக்-21 கிட் வாங்குகிறான். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வெட்டி, உரசி, ஒட்டுகிறான். செஞ்சிக்குப் போய் ஹார்டுவேர் கடையில் எனாமல் ஸ்ப்ரே வாங்கி சாம்பல் கலர் அடிக்கிறான். அருமையாக வந்துவிட்டது. மறுநாள் வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, வேதவாக்கை நம்பி லாக்கர் கேனை எடுத்து, கிட்டத்தில் பிடித்து, புஸ்ஸ்ஸ்...

பத்தே நிமிஷம். பெயிண்ட் ஆறின பால் ஆடை மாதிரி சுருங்கிப் போச்சு. இறக்கை மேல் வெள்ளையாக ஒரு மூட்டம். காக்பிட் கண்ணாடி மங்கல். மூன்று மாத உழைப்பு கோவிந்தா!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. லாக்கரில் இருக்கும் அசிட்டோன், டொலுயீன் வகைக் கரைப்பான்கள் ரொம்பக் காரமானவை. மாடல் ஒட்டும் பசையே இந்த மாதிரிக் கரைப்பான் பிளாஸ்டிக்கை உருக்குவதால்தான் வேலை செய்கிறது. அது எனாமல் மேல் விழுந்தால் சும்மா இருக்குமா? முழுசாகக் காயாத அடிப்பூச்சை ஊறவைத்துச் சுருட்டிவிடும். லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் அடித்தால் வம்பு. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்வரை காய்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. எனாமலுக்கு நாள் கணக்கில் ஆகும்.

வெள்ளை மூட்டத்துக்குக் காரணம் ஈரக்காற்று. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் லாக்கர் அடிக்க வேண்டுமென்றால் நல்ல வெயில் நாளாகப் பார்க்கணும்.

சரி, இதெல்லாம் தப்பினாலும் அளவு என்று ஒன்று இருக்கிறதே? லாக்கர் 0.1 மில்லிமீட்டர் ஏறினால் 1/72 கணக்கில் நிஜ விமானத்தின் மேல் 7 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணாடி பூசின மாதிரி! உரசி உரசிக் காப்பாற்றிய பேனல் கோடெல்லாம் அதற்குள் சமாதி. 1963-ல் வந்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்ற மிக்-21, கடைசிக் காலத்தில் பெரும்பாலும் வெயிலில் வெளுத்த சாம்பல் நிறத்தில்தான் நின்றது. புது அம்பாசிடர் மாதிரி மின்னவில்லை.

அப்புறம், தப்பு மறையுமா? மறையாது. பளபளப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் உள்ளே இருக்கும் தூசி, கீறல், விரல் ரேகை எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நிரந்தரப் பாதுகாப்பு என்கிறார்களே, அஜந்தாவைக் கேளுங்கள். 1920களில் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் ஓவியங்களைக் காப்பாற்ற ஷெல்லாக் பூசினார்கள். நல்ல எண்ணம்தான். பூச்சு மஞ்சளாகி ஓவியத்தின் நிறத்தையே மறைக்க, பின்னால் வந்தவர்கள் அதை நீக்கப் பாடுபட வேண்டியதாயிற்று. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் வெளிச்சத்தில் மஞ்சளாகும்.

அப்போ க்ளியரே வேண்டாமா? அப்படி இல்லை. டெக்கால் ஒட்டுமுன் பளபளப்பான தளம் வேண்டும், ஒட்டியபின் அதை மூட ஒரு பூச்சும் வேண்டும். கார் மாடல் மின்னத்தான் வேண்டும். ஆனால் க்ளியர் ஒரு காவல்காரன், கொத்தனார் இல்லை. முதலில் மீந்த பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். கண்ணாடியை டேப் போட்டு மூடுங்கள். ஒரு சாண் தூரத்திலிருந்து தூவின மாதிரி மெல்லிசாக, விட்டு விட்டு அடியுங்கள். முகமூடியோடு, மொட்டை மாடியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல். ஹாஸ்டல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பவர்கள் மாடலோடு நுரையீரலையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சிங்கவரத்துக் குன்றில் ரங்கநாதர் பாறையிலேயே பள்ளிகொண்டிருக்கிறார். பல்லவர் காலக் குடைவரை. அங்கே ஒரு உளி தவறினால் போனது போனதுதான், பாறையைத் திரும்ப வாங்க முடியாது. அந்த ஊர்ப் பையனுக்கு ஒரு கேன் க்ளியர் எல்லாத்தையும் சரிசெய்யும் என்று சொல்லிக் கொடுப்பது கொஞ்சம் அநியாயமில்லையா?

டிஸ்கி: தப்பை மறைக்கும் ஸ்ப்ரே எந்தக் கடையிலும் விற்பதில்லை. உப்புத்தாள் விற்கிறார்கள், விலையும் கம்மி :-)